குடலுக்குள் நடக்கும் முதல் பாடம்

பிறந்த சில நாட்களில் குழந்தையின் குடலில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதன் நோய் எதிர்ப்பு சக்தியைப் பழக்குகின்றன. ஒடிசா கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு அதற்கு வலுவான சாட்சி. ஆனால் மூளை வளர்ச்சி பற்றிய பேச்சில் ஆதாரத்தைவிட ஆசையே அதிகம்.

பெரிய மருந்து என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. நூறு கோடி பாக்டீரியா. அவற்றுக்குத் தீனியாக 150 மில்லிகிராம் சர்க்கரைப் பொருள். ஒரு குழந்தைக்கு ஏழு நாள் கொடுக்க ஆகும் செலவு சுமார் ஒரு டாலர். ஒடிசாவின் 149 கிராமங்களில், பிறந்து இரண்டு முதல் நான்கு நாட்களே ஆன சிசுக்களுக்கு இதைப் புகட்டினார்கள். இன்னொரு பாதி சிசுக்களுக்கு அதே மாதிரி தோன்றும் வெற்றுப் பொடி. எந்தக் குழந்தைக்கு எது போனது என்பது கொடுத்தவர்களுக்கும் தெரியாது, பெற்றவர்களுக்கும் தெரியாது. பிறகு 60 நாட்கள் ஒவ்வொரு குழந்தையையும் கண்காணித்தார்கள்.

முடிவு 2017 ஆகஸ்டில் 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியானபோது மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆய்வில் சேர்ந்த குழந்தைகள் 4,556. வெற்றுப் பொடி உட்கொண்ட பிரிவில் 100க்கு 9 குழந்தைகள் 'செப்ஸிஸ்' எனப்படும் கடும் கிருமித்தொற்றுக்கு ஆளாயின அல்லது இறந்தன. பாக்டீரியா உட்கொண்ட பிரிவில் இது 5.4 மட்டுமே. அதாவது 40 சதவீதம் குறைவு. பலன் அத்தனை தெளிவாகத் தெரிந்ததால் திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டும் முன்பே ஆய்வை நிறுத்திவிட்டார்கள்.

இதைவிட வியப்பான சேதி ஒன்று அந்த அறிக்கைக்குள் இருந்தது. பொடி போனது குடலுக்கு. ஆனால் நுரையீரல் தொற்றும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வயிற்றுக்குள் குடியேறிய ஒரு பாக்டீரியா நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் உறுப்பைக் காப்பாற்றுவது எப்படி? உடலின் காவல் படைக்குப் பயிற்சி முகாமே குடலில்தான் இருக்கிறது என்பது விஞ்ஞானிகளின் பதில். நோய் எதிர்ப்பு செல்களில் பெரும் பங்கு குடல் சுவரை ஒட்டியே வாழ்கிறது. வெளியிலிருந்து வருவதில் எது நண்பன், எது பகைவன் என்று அவை கற்றுக்கொள்வது அங்கேதான். கற்றுக்கொடுப்பவை அங்கே முதலில் வந்து சேரும் பாக்டீரியாக்கள்.

ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் அப்போது அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் இருந்த பினாகி பாணிக்ரஹி. புவனேஸ்வரில் உள்ள ஆசிய பொது சுகாதார நிறுவனம் களப்பணியில் கைகோத்தது. 280க்கும் மேற்பட்ட பாக்டீரியா வகைகளைச் சலித்த பிறகே அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். லாக்டோபாசில்லஸ் பிளான்டாரம் என்பது அதன் பெயர். தயிரையும் மாவையும் புளிக்க வைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒடிசாக்காரர்கள் கோடையில் விரும்பிச் சாப்பிடும் பழைய சோறான 'பகாளா'வுக்குப் புளிப்பைத் தருவதும் இந்தக் குடும்பம்தான். சிசுவின் குடலில் வந்த வேகத்தில் வெளியேறிவிடாமல் ஒட்டி நிற்கும் குணம் இந்த வகைக்கு இருந்தது.

25 உயிர்கள்

இந்த எண்களின் கனம் புரிய இன்னொரு கணக்கைப் பார்க்க வேண்டும். 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் சுமார் 35 குழந்தைகள் முதல் பிறந்த நாளைப் பார்ப்பதில்லை. அவற்றில் 25 குழந்தைகள் முதல் 28 நாட்களுக்குள்ளேயே இறந்துவிடுகின்றன. குறைப் பிரசவம், பிரசவத்தின்போது மூச்சுத்திணறல், கிருமித்தொற்று ஆகிய மூன்றும் இந்த இறப்புகளின் முக்கிய காரணங்கள்.

செப்ஸிஸ் பெரிய அறிகுறி காட்டி வருவதில்லை. குழந்தை பால் குடிக்க மறுக்கும். துவண்டு கிடக்கும். உடம்பு சில்லிடும் அல்லது கொதிக்கும். வழக்கமான சிணுங்கல் என்று தாய் நினைத்துக்கொண்டிருக்கும் சில மணி நேரத்துக்குள் கிருமி ரத்தத்தில் பரவி உறுப்புகளைத் தாக்கிவிடும். அருகில் ஆஸ்பத்திரி இல்லாத கிராமத்தில் அந்தச் சில மணி நேரம்தான் வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலான தூரம்.

ஆகவேதான் வந்த நோயைக் குணப்படுத்துவதைவிட வராமல் தடுக்கும் ஒரு டாலர் பொடி இத்தனை ஆர்வத்தைக் கிளப்பியது. ஆனால் ஆய்வின் எல்லையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதில் சேர்க்கப்பட்டவை இரண்டு கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள, 35 வாரங்களாவது வயிற்றில் இருந்து பிறந்த, நோய் அறிகுறி இல்லாத குழந்தைகள். தாய்ப்பால் குடிக்கத் தொடங்கியவை. மிக அதிக ஆபத்தில் இருக்கும் குறைமாதக் குழந்தைகள் அதில் இல்லை. இரு பிரிவுகளிலும் இறப்புகள் மிகக் குறைவு என்பதால் அறிக்கையின் பலம் நோய் குறைந்ததில்தான் இருக்கிறது.

யார் முதலில் வருகிறார்கள்?

குழந்தைக்கும் பாக்டீரியாவுக்கும் உள்ள உறவை ஆராய்ச்சியாளர்கள் நேற்று கண்டுபிடிக்கவில்லை. 1885ல் தியோடர் எஷெரிச் என்ற ஜெர்மானிய-ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் சிசுக்களின் மலத்தில் ஒரு பாக்டீரியாவைக் கண்டார். இன்று ஈ.கோலி என்று உலகம் அறிந்திருப்பது அதுதான். அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஹென்றி டிஸியே, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் இரண்டாகக் கிளைத்த வடிவில் ஒரு பாக்டீரியா மண்டிக் கிடப்பதைப் பார்த்தார். அது பிஃபிடோபாக்டீரியம். அதற்குப் பின் பல பத்தாண்டுகள் கிருமி என்றால் ஒழிக்கப்பட வேண்டியது என்ற எண்ணமே மேலோங்கி இருந்தது. மரபணுக்களைப் படிக்கும் கருவிகள் மலிவான பிறகுதான் குடலில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்ற முழுக் கணக்கெடுப்பு சாத்தியமாயிற்று.

அந்தக் கணக்கெடுப்பு சொல்லும் கதை இது. பிறக்கும்போது ஏறக்குறைய காலியாக இருக்கும் குடலில் சில மணி நேரங்களிலேயே குடியேற்றம் தொடங்கிவிடுகிறது. சுகப்பிரசவத்தில் தாயின் குடலிலும் பிறப்புப் பாதையிலும் உள்ள பாக்டீரியாக்கள் முந்திக்கொள்கின்றன. பிறகு தாயின் தோல், பால், வீட்டு மனிதர்கள், தரை, தண்ணீர் என்று ஒவ்வொன்றும் தன் பங்கை அனுப்புகிறது. சுமார் மூன்று வயதில் இந்தக் கூட்டம் பெரியவர்களின் குடலில் இருப்பதைப் போன்ற உருவத்துக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அதைப் பெரிதாக மாற்றுவது எளிதல்ல.

சிசேரியனில் பிறக்கும் குழந்தையின் கதை வேறு. பிரிட்டனில் நிறைமாதத்தில் பிறந்த 596 குழந்தைகளை ஆராய்ந்து 2019ல் வெளியான அறிக்கை இதைத் தெளிவாகக் காட்டியது. சிசேரியன் குழந்தைகளிடம் தாயிடமிருந்து வர வேண்டிய பாக்டீராய்டஸ் இனம் குறைவாக இருந்தது. அதற்குப் பதிலாக க்ளெப்சியெல்லா, என்டரோகாக்கஸ் போன்ற ஆஸ்பத்திரிவாசிகள் இடம் பிடித்திருந்தன. ஆறு முதல் ஒன்பது மாதங்களில் இந்த வித்தியாசம் பெருமளவு மங்கிவிட்டது என்பது ஆறுதலான தகவல். ஆனால் நோய் எதிர்ப்பு சக்தி பாடம் கற்கும் முக்கியமான காலமும் அந்த முதல் மாதங்கள்தான்.

இந்தியாவுக்கு இது தொலைதூரத்துச் செய்தி அல்ல. 2005-06ல் 100 பிரசவங்களில் 39தான் ஆஸ்பத்திரிகளில் நடந்தன. 2019-21ல் அது 89 ஆக உயர்ந்தது. தாய்மார்களின் உயிரைக் காத்ததில் இதன் பங்கு மகத்தானது. கூடவே சிசேரியனும் 21.5 சதவீதத்தைத் தொட்டது. தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் 47.4 சதவீதம். தெலங்கானாவில் மொத்தப் பிரசவங்களில் 60.7 சதவீதமும் தமிழ்நாட்டில் 44.9 சதவீதமும் கத்தியின் வழியே நடந்தன. உயிர் காக்கத் தேவைப்படும் சிசேரியனைக் குறை சொல்ல யாரும் தயாரில்லை. ஜோசியர் குறித்துத் தந்த நேரத்துக்காகவும் டாக்டரின் வசதிக்காகவும் நடக்கும் சிசேரியனுக்கு, மருத்துவ பில்லில் வராத ஒரு விலையும் உண்டு என்பதுதான் புதிய தகவல்.

பாலில் ஒரு பங்கு பாக்டீரியாவுக்கு

தாய்ப்பாலில் ஒரு விசித்திரம் இருப்பதை வேதியியல் அறிஞர்கள் வெகுகாலமாகவே கவனித்திருந்தார்கள். லாக்டோஸ், கொழுப்பு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அதில் அதிகம் இருக்கும் திடப்பொருள், ஓலிகோசாக்கரைடு எனப்படும் சிக்கலான சர்க்கரைகள். நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் கண்டறியப்பட்டுள்ளன. ஆனால் குழந்தையால் இவற்றை ஜீரணிக்கவே முடியாது. தன் உடம்பை உருக்கிப் பால் சுரக்கும் தாய், குழந்தைக்குப் பயன்படாத ஒன்றை இத்தனை தாராளமாக ஏன் தர வேண்டும்?

விடை பிஃபிடோபாக்டீரியத்திடம் இருந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக விஞ்ஞானிகள், பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் என்ற வகை இந்தச் சர்க்கரைகளை ரசித்துச் சாப்பிடுவதைக் காட்டினார்கள். அவற்றை உடைக்கத் தேவையான மரபணுக்கள் அதனிடம் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. ஒரே முலையில் தாய் இரண்டு பேருக்குப் பாலூட்டுகிறாள் என்று ஆகிறது. ஒன்று குழந்தை. இன்னொன்று குழந்தையின் குடலில் குடியிருக்கும் விருந்தாளி.

விருந்தாளி சும்மா உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. சர்க்கரையை உடைத்து அமிலங்களை வெளியிடுகிறது. குடலில் அமிலத்தன்மை கூடினால் பல தீய கிருமிகளுக்கு அங்கே பிழைப்பு இல்லை. குடல் சுவரின் இடுக்குகளை இறுக்கமாக்க உதவி, கிருமிகள் ரத்தத்துக்குள் கசியாமல் தடுக்கிறது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் பங்கேற்று 2021ல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பாக்டீரியா இல்லாத சிசுக்களின் ரத்தத்தில் அழற்சியின் அறிகுறிகள் அதிகமாக இருந்தன. தாய்ப்பாலோடு இன்ஃபான்டிஸும் பெற்ற சிசுக்களின் குடலில் அழற்சி தணிந்து காணப்பட்டது. பாக்டீரியா உருவாக்கும் ஒரு ரசாயனப் பொருள், எதற்கெடுத்தாலும் எகிறிக் குதிக்கும் நோய் எதிர்ப்பு செல்களை அமைதிப்படுத்துவதாகவும் தெரிந்தது. ஆஸ்துமா, அலர்ஜி போன்ற தொல்லைகளுக்கான வித்து இந்த ஆரம்ப மாதங்களில் ஊன்றப்படலாம் என்று கருத இடம் இருக்கிறது.

இத்தனையும் தெரிந்த பிறகு இந்தியாவின் இன்னொரு புள்ளிவிவரம் உறுத்துகிறது. 2019-21 ஆய்வின்படி, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 சதவீதம்தான். பத்தில் ஒன்பது பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கும் நாட்டில் இந்த நிலை. சீம்பால் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டும் பழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. முதல் சொட்டாகத் தேனோ, சர்க்கரைத் தண்ணீரோ, வடக்கே 'குட்டி' என்று சொல்லப்படும் மூலிகைக் கரைசலோ நாக்கில் தடவப்படுகிறது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் சிசுவின் குடலில் முளைத்து நரம்புகளை முடக்கும் நச்சை உண்டாக்கலாம். ஒரு வயதுவரை தேன் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது அதனால்தான்.

மருந்தே வினையானால்

நல்ல பாக்டீரியாவின் வருகையைத் தாமதப்படுத்துவதில் ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு நிகர் இல்லை. கிருமித்தொற்று வந்த குழந்தைக்கு அவை உயிர் மருந்து. ஆனால் எரியும் ஒரு வீட்டுக்காகத் தெரு முழுவதையும் வெள்ளத்தில் மூழ்கடிக்கும் மருந்தும் அதுவே. தீய கிருமியோடு பிஃபிடோபாக்டீரியமும் சேர்ந்து அழிகிறது. காலியான இடத்தை முதலில் பிடிப்பவை மருந்துக்கு அசையாத கிருமிகள்.

அந்தக் கிருமிகள் எவ்வளவு வலுத்துவிட்டன என்பதை டெல்லியின் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆய்வு காட்டியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 சிசுக்களைக் கண்காணித்து 2016ல் வெளியான இதன்படி, 14.3 சதவீதக் குழந்தைகளுக்கு செப்ஸிஸ் இருந்தது. அதிகம் காணப்பட்ட கிருமிகள் அசினெட்டோபாக்டர், க்ளெப்சியெல்லா, ஈ.கோலி. அசினெட்டோபாக்டரில் 82 சதவீதமும் க்ளெப்சியெல்லாவில் 54 சதவீதமும் பல மருந்துகளுக்கு ஒரே சமயத்தில் பணிய மறுத்தன. மருத்துவரின் கையிருப்பில் இருந்த அம்புகள் ஒவ்வொன்றாக முறிந்துகொண்டிருக்கின்றன.

ஒடிசா ஆய்வின் உண்மையான முக்கியத்துவம் இங்கேதான். 100 குழந்தைகளில் 9க்கு வர வேண்டிய தொற்று 5 சொச்சம் குழந்தைகளுக்கே வந்தால், அந்த வித்தியாசத்தில் இருக்கும் குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக்கே தேவைப்படாது. மருந்து குறைந்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாவதும் குறையும். பாக்டீரியாவைக் கொண்டே பாக்டீரியாவைத் தடுக்கும் இந்த வழி, புதிய ஆன்டிபயாடிக் எதுவும் தராத லாபத்தைத் தரக்கூடும்.

ஆனால் குடலைச் சீர்படுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புபவர்களுக்கு வேலூர் ஒரு பாடம் வைத்திருக்கிறது. வாய்வழி போலியோ சொட்டு மருந்து ஏழை நாட்டுக் குழந்தைகளிடம் எதிர்பார்த்த அளவு வேலை செய்வதில்லை. அழுக்குத் தண்ணீரால் புண்பட்ட குடல்தான் காரணம் என்று சந்தேகிக்கப்பட்டது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் விஞ்ஞானிகள் பங்கேற்ற ஆய்வில் 754 குழந்தைகளில் ஒரு பாதிக்கு முதலில் அசித்ரோமைசின் கொடுத்து, பிறகு சொட்டு மருந்து போட்டார்கள். குடலில் தீய பாக்டீரியாக்கள் குறைந்தன. அழற்சியும் தணிந்தது. ஆனால் போலியோ மருந்தின் பலன் கூடவில்லை. குடலின் கணக்கு ஒரே வரியில் தீர்வதில்லை.

குடலிலிருந்து மூளைக்கு

நோய் எதிர்ப்பு சக்தியைப் பொறுத்தவரை தரை ஓரளவு கெட்டியாக இருக்கிறது. மூளையை நோக்கி நடக்கத் தொடங்கினால் கால் புதைகிறது.

குடலும் மூளையும் பேசிக்கொள்கின்றன என்பதில் சந்தேகமில்லை. வேகஸ் என்ற நீண்ட நரம்பு இரண்டையும் இணைக்கிறது. மனநிலையோடு தொடர்புபடுத்தப்படும் செரட்டோனின் என்ற பொருளில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உற்பத்தியாகிறது. இரண்டு வயதுக்குள் குழந்தையின் மூளை பெரியவர்களின் மூளை அளவில் சுமார் 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது. குடலில் பாக்டீரியாக் கூட்டம் நிலைபெறுவதும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். இரண்டு கட்டுமானப் பணிகள் ஒரே நேரத்தில் நடக்கும்போது ஒன்று மற்றதைப் பாதிக்காதா என்ற கேள்வி இயல்பானது.

2004ல் ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் நொபுயுகி சூடோவும் சக விஞ்ஞானிகளும் ஒரு கிருமிகூட இல்லாத சூழலில் எலிகளை வளர்த்தார்கள். சின்னத் தொந்தரவுக்கும் அந்த எலிகளின் உடலில் பதற்றத்துக்கான ஹார்மோன்கள் எக்கச்சக்கமாகச் சுரந்தன. பிஃபிடோபாக்டீரியம் கொடுத்ததும் நிலைமை சீரடைந்தது. இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். பாக்டீரியாவை இளம் வயதில் சேர்த்தால்தான் மாற்றம் வந்தது. எலி வளர்ந்த பிறகு சேர்த்துப் பயனில்லை. ஏதோ ஒரு கதவு சில காலம் மட்டும் திறந்திருந்து பிறகு மூடிக்கொள்வது போல இருந்தது.

மனிதக் குழந்தைகளிடம் சாட்சியம் இத்தனை நேர்த்தியாக இல்லை. அமெரிக்காவில் 89 குழந்தைகளின் குடல் பாக்டீரியாவை ஒரு வயதில் பரிசோதித்து, இரண்டு வயதில் அவர்களின் அறிவுத்திறனை அளந்தார்கள். 2018ல் வெளியான முடிவின்படி, பாக்டீராய்டஸ் இனம் மிகுந்திருந்த குழந்தைகள் அதிக மதிப்பெண் பெற்றன. ஆனால் பாக்டீரியா வகைகள் அதிகம் இருந்த குழந்தைகள் குறைவான மதிப்பெண் பெற்றன. எவ்வளவு வகை இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற பொதுவான நம்பிக்கைக்கு நேர்மாறான முடிவு இது. எது காரணம், எது விளைவு என்பதையும் இத்தகைய ஆய்வால் சொல்ல முடியாது.

ஆட்டிசம் விஷயத்தில் இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பது 2021ல் தெரிந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் குடல் பாக்டீரியா வேறுபட்டிருப்பதால் அதுவே நோய்க்குக் காரணம் என்று பேசப்பட்டு வந்தது. ஆஸ்திரேலியாவில் 247 குழந்தைகளை ஆராய்ந்தபோது கதை தலைகீழாக இருக்கலாம் என்று தெரியவந்தது. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகள் சில உணவுகளைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. சாப்பாடு சுருங்கியதால்தான் பாக்டீரியாவும் சுருங்கியிருந்தது.

நம்பிக்கை தரும் வெளிச்சம் வருவது டாக்காவிலிருந்து. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கார்டனும் வங்கதேசத்தின் தஹ்மீத் அகமதும் பல ஆண்டுகளாகச் சேர்ந்து பணியாற்றியவர்கள். சவலைக் குழந்தைகளின் குடல் பாக்டீரியா, வயதுக்குத் தக்கபடி முதிராமல் பின்தங்கி நிற்பதை இவர்களின் குழு 2014ல் காட்டியது. சத்தான உணவு கொடுத்தாலும் அந்தப் பின்னடைவு முழுதாகச் சரியாகவில்லை. அப்படியானால் குழந்தைக்கு மட்டும் சோறு போட்டால் போதாது, பாக்டீரியாவுக்கும் சேர்த்துப் போட வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

கொண்டைக்கடலை, சோயா, வேர்க்கடலை, வாழைக்காய். எந்தச் சந்தையிலும் கிடைக்கும் இந்த நான்கும்தான் அவர்கள் தயாரித்த உணவின் ஆதாரம். டாக்காவின் மிர்பூர் சேரிப் பகுதியில் 12 முதல் 18 மாத வயதுள்ள சவலைக் குழந்தைகளுக்கு மூன்று மாதம் கொடுத்தார்கள். வழக்கமாக வழங்கப்படும் சத்துணவைவிட இதில் கலோரி குறைவு. ஆனால் 118 குழந்தைகளிடம் முழுமையாக நடந்து 2021ல் வெளியான ஆய்வில், எடை கூடியது இந்தக் குழந்தைகளுக்கே அதிகம். ரத்தத்தில் எலும்பு வளர்ச்சி, நரம்பு மண்டல வளர்ச்சி ஆகியவற்றோடு தொடர்புடைய புரதங்களும் கூடியிருந்தன. இதை வைத்து குழந்தைகள் புத்திசாலிகளாகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாத இந்தியாவில், வாழைக்காயையும் கொண்டைக்கடலையையும் அலட்சியம் செய்ய முடியாது.

முந்திக்கொண்ட சந்தை

விஞ்ஞானம் தயங்கி நிற்கும் இடத்தில் வியாபாரம் தயங்குவதில்லை. மருந்துக் கடைகளில் குழந்தைகளுக்கான புரோபயாடிக் பொட்டலங்கள், சொட்டு மருந்துகள், மிட்டாய் வடிவ மாத்திரைகள் எல்லாம் கிடைக்கின்றன. வயிற்றுப்போக்குக்கும், சளிக்கும், படிப்பில் கவனத்துக்கும் ஒரே பொட்டலத்தைச் சிபாரிசு செய்பவர்கள் உண்டு.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், பாக்டீரியாவின் பெயர் ஒன்றாக இருந்தால் குணமும் ஒன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவன் படிக்கிறான், இன்னொருவன் ஊர் சுற்றுகிறான். பாக்டீரியா குடும்பத்திலும் அப்படித்தான். ஒடிசாவில் பலன் தந்தது ஒரு குறிப்பிட்ட உள்வகை, குறிப்பிட்ட அளவு, குறிப்பிட்ட வயதில். கடையில் கிடைக்கும் வேறொரு பொட்டலத்துக்கு அந்த முடிவைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. இந்தியாவில் உணவாக விற்கப்படும் புரோபயாடிக்குகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் உயிரி தொழில்நுட்பத் துறையும் 2011ல் வகுத்த வழிகாட்டு நெறிகளும் இதையே வலியுறுத்துகின்றன. எந்த உள்வகை என்பதை அடையாளம் கண்டு, அதற்கான பலனை நிரூபிக்க வேண்டும்.

இரண்டாவது விஷயம், இது விளையாட்டல்ல. 2023 அக்டோபரில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஆஸ்பத்திரிகளுக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பியது. ஒரு கிலோவுக்கும் குறைவான எடையோடு பிறந்த குழந்தைக்குப் புரோபயாடிக் கொடுக்கப்பட்டது. அதே பாக்டீரியா ரத்தத்தில் பரவி அந்தக் குழந்தை இறந்துவிட்டது. குடல் சுவரே சரியாக உருவாகாத குறைமாதக் குழந்தைக்கு நண்பனும் பகைவனாகலாம். மறுபக்கம், 32 வாரங்களுக்கு முன்பே பிறந்து தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு புரோபயாடிக் தருவதைப் பரிசீலிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022ல் நிபந்தனையோடு சொல்லியிருந்தது. பெரிய அமைப்புகளே ஒரே குரலில் பேசாத விஷயத்தில் மருந்துக் கடைக்காரர் தீர்ப்பு வழங்கக் கூடாது. சிசேரியன் குழந்தையின் உடலில் தாயின் பிறப்புப் பாதைத் திரவத்தைத் தடவும் முறையையும் ஆய்வுக்கு வெளியே செய்ய வேண்டாம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி 2017ல் அறிவுறுத்தியிருக்கிறது.

பொட்டலத்தில் அடங்காதது

நிரூபிக்கப்பட்ட வழிகள் இல்லாமல் இல்லை. அவை விளம்பரத்துக்கு உதவாதவை என்பதால் அதிகம் பேசப்படுவதில்லை.

டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து, எடை குறைந்த 3,211 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2021ல் வெளியானது. வழக்கமாக இத்தகைய சிசுவைத் தாயிடமிருந்து பிரித்துத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைப்பார்கள். உடல்நிலை தேறிய பிறகே தாயின் மார்பில் சேர்ப்பார்கள். இந்த ஆய்வில் பிறந்த உடனேயே தாயின் வெற்று மார்போடு சேர்த்து அணைத்து வைத்தார்கள். 28 நாட்களுக்குள் இறந்த குழந்தைகள் 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தனர். செப்ஸிஸும் குறைந்தது. ஆஸ்பத்திரியின் கிருமிகளுக்கு முன்பாகத் தாயின் தோலில் உள்ள பாக்டீரியாக்கள் குழந்தையிடம் போய்ச் சேர்வது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதற்கு ஆகும் செலவு, தாய்க்கு அந்தப் பிரிவில் ஒரு கட்டில்.

தாய்ப்பால் சுரக்காத நிலையிலும் வழி இருக்கிறது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை மும்பை சயான் ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989ல் தொடங்கினார். பவுடர் பாலுக்குப் போகும் முன் இன்னொரு தாயின் பாலைத் தேட முடியும் என்பதை அது காட்டியது. சர்க்கரைகள் அதில் அழியாமல் இருக்கின்றன. பாக்டீரியாவுக்குத் தீனி கிடைக்கிறது.

கிராமத்து வீட்டுக்கே போய்க் குழந்தையைப் பார்க்கும் ஏற்பாடும் இந்தியாவில் புதிதல்ல. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் தம்பதி, படிப்பு குறைந்த கிராமப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து சிசு மரணத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்ததை 1999ல் உலகுக்குக் காட்டினார்கள். அந்த முறையைப் பின்பற்றி 2011 முதல் ஆஷா பணியாளர்கள் பிரசவமான வீடுகளுக்குப் போகிறார்கள். மூன்றாவது நாளும் ஏழாவது நாளும் அவர்கள் போகும் நாட்களில் உண்டு. ஒடிசா பொடி கொடுக்கப்பட்டதும் இதே வாரத்தில்தான். பிற மாநிலங்களிலும், எடை குறைந்த குழந்தைகளிடமும் அதே பலன் கிடைக்கிறது என்று நிரூபணமானால், அதைக் கொண்டு சேர்க்கப் புதிய படை தேவையில்லை. கதவைத் தட்டும் பெண் ஏற்கெனவே இருக்கிறாள்.

அதுவரை அவள் சொல்ல வேண்டியவை நான்கு விஷயங்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். ஆறு மாதம் தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ துவண்டாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரி. டாக்டர் எழுதித் தராத ஆன்டிபயாடிக்கைச் சாதாரணச் சளிக்குத் தொடக்கூடாது. இவற்றில் எதையும் பொட்டலத்தில் அடைத்து விற்க முடியாது. சுமார் 58 சதவீத இந்தியக் குழந்தைகளுக்கு அந்த முதல் ஒரு மணி நேரப் பால் கிடைக்காமல் போவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.